காற்றைக் காணும் கண்

சென்ற ஐப்பசி மாதத்தில் ஒரு பிற்பகல். வானம் இருண்டு, எங்கள் பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பேரோசையில் பாடம் நடத்துவதென்பது நடவாத காரியம். ஆகவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "இன்றைக்குப் பாடம் வேண்டாம். உங்களுக்கு என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள்" என்று பிள்ளைகளிடம் சொன்னேன். இது உபாத்தியாயர்களுக்குச் சற்று ஆபத்தான விளையாட்டு என்பதை அநுபவஸ்தர்கள் அறிவார்கள்.

கடைசிப் பெஞ்சியிலிருந்து ஒரு பையன் எழுந்தான். மீனவர் குப்பத்துப் பிள்ளை. அதிகம் பேசாதவன். பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்திருந்த ஒரு படத்தை என்னிடம் நீட்டினான். வங்காள விரிகுடாவும் அதைச் சுற்றியுள்ள நாடுகளும் அதில் கோடுகளால் வரையப்பட்டிருந்தன. அவற்றின்மேல், பாலில் டிகாக்ஷனை ஊற்றியவுடன் தோன்றுமே, அதைப்போல வெண்மையும் கருமையுமாகச் சுழிகள் பரவியிருந்தன.

"ஸார், இதற்குக் கீழே நீராவிப் படம் என்று போட்டிருக்கிறது. நீராவி கண்ணுக்குத் தெரியாது என்று போன வாரம் நீங்கள்தானே சொன்னீர்கள்? தெரியாததை எப்படி ஸார் படம் பிடித்தார்கள்?"

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனெனில் அது மிகச் சரியான கேள்வி. பையன் உட்காரவும் இல்லை.

"இன்னொன்று ஸார். இந்த மாதிரிப் படத்தைப் பார்த்துத்தான் புயல் வரும் என்று சொன்னார்களாம். எங்கள் அப்பா நாலு நாள் கடலுக்குப் போகவில்லை. கடைசியில் புயலும் வரவில்லை. இதை நம்பலாமா?"

முதற் கேள்வி விஞ்ஞானத்தைப் பற்றியது. இரண்டாவது கேள்வி வயிற்றைப் பற்றியது. பதில் சொல்லத் தொடங்குவதற்குள் மணி அடித்துவிட்டது. மறுநாள் வகுப்பில் சொன்னதையே இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்லுகிறேன். மழைக்காலத்தில் தினந்தோறும் இந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்களிலும், அந்தப் பையன் கேட்டதைக் கேட்காதவர்களே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இருட்டில் தெரியும் தோசைக்கல்

இரவில் சமையல் முடிந்தபின் அடுப்பை அணையுங்கள். சமையலறை விளக்கையும் அணைத்துவிட்டு, தோசைக்கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். கல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். கல்லிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு வந்து கையைத் தொடுகிறது. அந்த ஏதோ ஒன்றும் ஒளியே. நம் கண்ணுக்குப் புலனாகாத ஒளி.

இதை முதன்முதலில் கண்டறிந்தவர் வில்லியம் ஹெர்ஷல் என்ற வான சாஸ்திரி. 1800-ஆம் ஆண்டில் அவர் சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடி வழியாகச் செலுத்தி, வானவில்லின் நிறங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறம் முடிந்து, ஒளியே இல்லை என்று தோன்றிய இடத்தில் வைத்த வெப்பமானியிலும் உஷ்ணம் ஏறியது. சிவப்பில் ஏறியதைக் காட்டிலும் அதிகமாகவே ஏறியது. சிவப்புக்கு அப்பால் உள்ள இந்த ஒளியையே அகச்சிவப்புக் கிரணங்கள் என்று இப்போது சொல்லுகிறோம்.

ஒளி அலை அலையாகச் செல்வது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குக்கு மைக்ரான் என்று பெயர். நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 0.4 மைக்ரானிலிருந்து 0.7 மைக்ரான் வரையில்தான். உஷ்ணமுள்ள பொருள்கள் எல்லாம் தத்தம் உஷ்ணத்துக்கு ஏற்ற அலைகளை ஓயாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. சுமார் 5,500 டிகிரி வெப்பமுள்ள சூரியனின் மேற்பரப்பு அரை மைக்ரான் அளவுள்ள அலைகளை மிகுதியாக வீசுகிறது. நம்முடைய பூமியோ சராசரி 15 டிகிரி வெப்பமே உடையது. ஆகவே அது வீசும் அலைகள் நீளமானவை. 10 மைக்ரானை ஒட்டியவை. சூரியன் அஸ்தமித்த பிறகும் பூமியின் இந்த மங்கல் ஒளி அணைவதில்லை.

புயல்களுக்கு இரவென்றும் பகலென்றும் கிடையாது. 1964-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 22-ஆம் தேதி இரவில்தான் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. சூரிய வெளிச்சத்தை நம்பும் காமிரா அத்தகைய இரவில் குருடு. பூமியின் வெப்ப ஒளியைக் காணும் கருவிக்கோ நள்ளிரவும் நடுப்பகலும் ஒன்றே. மேகத்தின் உச்சி உயர உயர அது குளிர்ந்திருக்கும். ஆதலால் மிகக் குளிர்ந்த இடம் எங்கே என்று பார்த்தால், மிக உயர்ந்த மேகம் அங்கே நிற்கிறது என்று கருவி சொல்லிவிடும்.

இதுவரையில் சரி. ஆனால் இது மேகத்தின் கதை. பையன் கேட்டது மேகமே இல்லாத இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் நீராவியைப் பற்றி அல்லவா?

உப்புக் கதவுகள் வைத்த குழாய்

லண்டன் நகரத்து ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஜான் டிண்டால் என்ற பேராசிரியர் 1859-ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனையில் இறங்கினார். நீண்ட பித்தளைக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் இரு முனைகளையும் பாறை உப்பினால் செய்த பலகைகளைக் கொண்டு அடைத்தார். கண்ணாடியை ஏன் உபயோகிக்கவில்லையென்றால், கண்ணாடி இந்த வெப்பக் கிரணங்களைத் தடுத்துவிடும்; பாறை உப்பு அவற்றை வழிவிட்டு அனுப்பும். ஒரு முனையில் வெப்பத்தை வைத்து, மறு முனையில் மிக நுட்பமான வெப்ப அளவு கருவியை வைத்தார். பிறகு குழாய்க்குள் ஒவ்வொரு வாயுவாக அடைத்துப் பார்த்தார்.

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு நைட்ரஜனும் பிராணவாயுவுமே. இவை இரண்டும் வெப்பக் கிரணங்களை ஏறக்குறைய முழுதும் வழிவிட்டு அனுப்பின. காற்றில் மிகச் சொற்பமாக உள்ள நீராவியும் கரியமில வாயுவும் அவற்றை ஆவலுடன் விழுங்கின. வாசனைத் தைலங்களின் ஆவி கூட ஏராளமாக விழுங்கியது! கண்ணுக்குப் பளிங்குபோல் தெளிந்திருக்கும் காற்று, அகச்சிவப்புக் கண்ணுக்கு அப்படி அல்ல என்பது அன்று ருஜுவாயிற்று. அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற அம்மையார் 1856-ஆம் ஆண்டிலேயே, கரியமில வாயு அடைத்த கண்ணாடிக் குழாய் வெயிலில் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடேறுவதைக் கண்டு எழுதியிருந்தார்.

இந்த வாயுக்கள் எல்லா அலைகளையும் விழுங்குவதில்லை என்பது பின்னர் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் தனி ருசி உண்டு. கரியமில வாயுவுக்கு 15 மைக்ரானை ஒட்டிய அலைகளும், 4.3 மைக்ரானை ஒட்டியவையும் பிரியம். ஓஸோனுக்கு 9.6 மைக்ரான். நீராவிக்கு 6.3 மைக்ரானை ஒட்டிய அகன்ற பகுதி. இவற்றுக்கு நடுவில், 10 முதல் 12 மைக்ரான் வரையில், யாரும் அதிகமாகத் தொடாத ஓர் இடைவெளி உண்டு. அதை ஜன்னல் என்றே விஞ்ஞானிகள் அழைக்கிறார்கள். தரையையும் கடலையும் மேக உச்சியையும் பார்ப்பது அந்த ஜன்னல் வழியாகத்தான்.

இவ்வாயுக்களின் இந்தச் சுபாவமே பூமிக்குப் போர்வையாக இருக்கிறது. போர்வை இல்லாவிடில் பூமியின் சராசரி உஷ்ணம் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரிக்கு இறங்கிவிடும். கரியமில வாயு பெருகுவதால் போர்வை கனத்துக்கொண்டு வருகிறது என்பதும் இதனால்தான். அது தனிக் கதை. மற்றொரு வாரம் பேசலாம்.

கலங்கிய குளம்

வானத்தில் இருந்துகொண்டு பூமியைப் படம் பிடிக்க விரும்புகிறவனுக்கு, நடுவில் நின்று கிரணங்களை விழுங்கும் வாயு ஓர் இடையூறாகவே தோன்றும். ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துவிட்டு, மற்ற அலைநீளங்களை ஒதுக்கிவிடலாம் என்றே முதலில் எண்ணுவோம். அப்படி ஒதுக்காமல், மறைக்கும் அலைநீளத்தையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்துப் பார்த்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு கோயில் குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீர் தெளிந்திருந்தால் அடித்தளத்துப் படி தெரியும், நீர் தெரியாது. சேறு கலந்து மிகவும் கலங்கியிருந்தால் மேல்மட்டத்து நீர் மட்டும் தெரியும். சிறிது கலங்கியிருந்தால் ஒரு முழ ஆழம் வரையில் பார்வை செல்லும். இப்போது உங்களிடம் சில மாயக் கண்ணாடிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதற் கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் குளம் தெளிந்து தோன்றுகிறது. இரண்டாவதைப் போட்டால் சிறிது கலக்கம். மூன்றாவதைப் போட்டால் முழுக் கலக்கம். கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தால், நீரில் இறங்காமலே ஒவ்வொரு ஆழத்திலும் இருப்பதைத் தனித்தனியாகக் கண்டுவிடலாம் அல்லவா?

அந்த மாயக் கண்ணாடிகள்தாம் அலைநீளங்கள். 15 மைக்ரானில் பார்த்தால் கரியமில வாயு முற்றும் கலங்கிய குளம்போல் இருக்கிறது. 13.4 மைக்ரானுக்கு வந்தால் கலக்கம் குறைந்து, தரையை ஒட்டிய காற்றுவரையில் பார்வை இறங்குகிறது. இடையிலுள்ள அலைநீளங்கள் இடையிலுள்ள உயரங்களைக் காட்டுகின்றன.

ஆனால் குளத்து உபமானத்தோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எந்தப் பொருள் எந்த அலையை நன்றாக விழுங்குகிறதோ, அதே அலையை அது நன்றாக வீசவும் செய்யும். இது கிர்க்காஃப் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1859-ஆம் ஆண்டில் வெளியிட்ட விதி. ஆகவே கீழிருந்து வரும் ஒளியை விழுங்கிய காற்று சும்மா இருப்பதில்லை. தன் சொந்த உஷ்ணத்துக்கு ஏற்றபடி தானும் அதே அலைநீளத்தில் ஒளி வீசுகிறது. செயற்கைக்கோளுக்கு வந்து சேருவது அந்த ஒளிதான். அடியிலுள்ள காற்று வீசுவதை அதற்கு மேலுள்ள காற்று விழுங்கிவிடுகிறது. மிக உச்சியிலுள்ள காற்றோ மெல்லியது. அதிகம் வீச அதனிடம் சரக்கில்லை. ஆகவே ஒவ்வொரு அலைநீளத்திலும் பெரும்பங்கு ஒளி நடுவிலுள்ள ஏதோ ஓர் அடுக்கிலிருந்து வருகிறது. அந்த ஒளியின் அளவு அந்த அடுக்கின் உஷ்ணத்தைச் சொல்லிவிடுகிறது.

கரியமில வாயு உலகெங்கும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கலந்திருக்கிறது. வங்கக் கடலுக்கு மேலும் ஸைபீரியாவுக்கு மேலும் அதன் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. எனவே அதன் அலைநீளங்களில் ஒளி கூடினாலும் குறைந்தாலும், அதற்குக் காரணம் பெரும்பாலும் உஷ்ணமாகவே இருக்க வேண்டும். ஆகவே காற்றின் உஷ்ணத்தை அடுக்கடுக்காக அறியக் கரியமில வாயுவே ஏற்ற சாட்சி. நீராவி அப்படி அல்ல. இன்று இங்கே, நாளை அங்கே. உஷ்ணத்தை முதலில் தெரிந்துகொண்டுவிட்டால், நீராவியின் அலைநீளங்களில் வரும் ஒளியைக் கொண்டு எந்த அடுக்கில் ஈரம் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு சாட்சியின் வாக்குமூலத்தை வைத்து மற்றொரு சாட்சியை விசாரிப்பதைப் போன்ற காரியம் இது.

பாட்டியின் ரஸம்

இந்த யோசனையை 1956-ஆம் ஆண்டில் ஜீன் கிங் என்பவரும், கரியமில வாயுவின் அலைநீளங்களைக் கொண்டே இதைச் செய்யலாம் என்று 1959-ஆம் ஆண்டில் லூயிஸ் கப்லான் என்பவரும் அமெரிக்காவில் எழுதினார்கள். வானிலையைப் பார்ப்பதற்கென்றே அமைந்த முதற் செயற்கைக்கோளான டைரோஸ் 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 1-ஆம் தேதி வானில் ஏறியது. அதில் இருந்தவை டெலிவிஷன் காமிராக்கள். அதே ஆண்டு நவம்பரில் சென்ற இரண்டாவது டைரோஸில் அகச்சிவப்புக் கருவிகளும் இருந்தன. 1969-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி ஏவப்பட்ட நிம்பஸ் 3 என்ற செயற்கைக்கோளில், டேவிட் வார்க், டொனால்டு ஹில்லியரி என்ற இருவர் அமைத்த கருவி சென்றது. காற்று மண்டலத்தின் உஷ்ணத்தை உயரவாரியாக வானத்திலிருந்து முதன்முதலில் அளந்து கொடுத்தது அதுதான். பலூன்களைப் பறக்கவிட்டு அளந்த கணக்கோடு அது நன்றாகவே ஒத்துப்போயிற்று.

கருவி அளந்து தருவது சில எண்களையே. அந்த எண்களிலிருந்து காற்றின் அடுக்குகளைக் கண்டறிவது எளிதல்ல. பாட்டி வைத்த ரஸத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, மிளகு எத்தனை, சீரகம் எத்தனை, புளி எவ்வளவு என்று சொல்லச் சொன்னால் என்ன செய்வீர்கள்? ஒரே ருசியைப் பலவிதக் கலவைகள் தரக்கூடும். ஆனால் அந்தப் பாட்டியின் கைப்பக்குவம் உங்களுக்கு முன்பே பழக்கமென்றால், 'வழக்கத்தைவிட இன்று மிளகு சற்றுத் தூக்கல்' என்று துணிந்து சொல்லிவிடுவீர்கள். வானிலை நிபுணர்கள் செய்வதும் இதுவே. ஆறு மணி நேரத்துக்கு முன் போட்ட கணக்கை வைத்துக்கொண்டு, இப்போது காற்று இப்படி இருக்கலாம் என்று கம்ப்யூட்டர் முதலில் ஊகிக்கிறது. அவ்வாறு இருந்தால் செயற்கைக்கோளுக்கு எவ்வளவு ஒளி வரவேண்டும் என்று கணக்கிடுகிறது. உண்மையில் வந்த ஒளியோடு அதை ஒப்பிட்டு, ஊகத்தைத் திருத்திக்கொள்கிறது.

மாயக் கண்ணாடிகள் அதிகமாக அதிகமாக அடுக்குகளைப் பிரித்துப் பார்ப்பது சுலபமாகும். 2002-ஆம் ஆண்டில் அமெரிக்கா அனுப்பிய அக்வா செயற்கைக்கோளின் அகச்சிவப்புக் கருவி 2,378 அலைவரிசைகளில் பார்த்தது. 2006-ஆம் ஆண்டில் ஐரோப்பியர்கள் அனுப்பிய மெட்டாப் செயற்கைக்கோளில் இருந்த கருவிக்கு 8,461 அலைவரிசைகள்!

நம் தேசமும் இதில் பின்தங்கிவிடவில்லை. 1999-ஆம் ஆண்டில் ஏவப்பட்ட இன்ஸாட் 2இ செயற்கைக்கோளில் நீராவி அலைவரிசை இருந்தது. 2002-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டு, பின்னர் கல்பனா என்று பெயர் பெற்ற செயற்கைக்கோளிலும் இருந்தது. 2013-ஆம் ஆண்டு ஜூலையில் சென்ற இன்ஸாட் 3டி-தான் காற்றை அடுக்கடுக்காக அளக்கும் கருவியை நமக்கு முதன்முதலில் தந்தது. அதன்பின் 2016-ல் 3டிஆர், 2024 பிப்ரவரியில் 3டிஎஸ் என்று அதே வகையில் இரண்டு சென்றன. இவற்றின் படக் கருவிக்கு 6 அலைவரிசைகள்; அடுக்களக்கும் கருவிக்கு 19. அந்தப் பத்தொன்பதில் பதினெட்டு அகச்சிவப்பு. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாகத் தாமும் சுற்றுவதால், இவை நமக்கு ஒரே இடத்தில் நிலைத்து நிற்பவைபோல் இருக்கின்றன.

இவற்றின் அருமையை அறியக் கடலை நினைத்துக்கொள்ள வேண்டும். சென்னை மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் வானிலை நிலையத்தார் கருவி கட்டிய பலூன்களைப் பறக்க விடுகிறார்கள். தரையில் அது சாத்தியம். புயல் பிறக்கும் நடுக்கடலில் யார் போய்த் தினமும் பலூன் விடுவது? அந்தமான் தீவுகளை விட்டால் நம் கரைவரையில் வெறும் தண்ணீர்தானே! நாளைய புயலின் தலையெழுத்து அந்தத் தண்ணீருக்கு மேலுள்ள காற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

படத்தைப் படிப்பது எப்படி?

இப்போது பையனின் படத்துக்கு வருவோம். அது ஏறக்குறைய 6.8 மைக்ரானில் எடுத்தது. அந்த அலைநீளத்தில் நீராவி நன்றாகக் கலங்கிய குளம். பார்வை தரைவரையில் இறங்குவதே இல்லை. பெரும்பாலும் 5 முதல் 10 கிலோமீட்டர் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த உயரத்தில் ஈரம் மிகுந்திருந்தால், உச்சியிலுள்ள குளிர்ந்த காற்றின் ஒளி மட்டும் வருகிறது. பூஜ்யத்துக்குக் கீழே 35 டிகிரி என்பதுபோல் கருவி காட்டும். அதை வெண்மையாகத் தீட்டுகிறார்கள். அங்கே காற்று வறண்டிருந்தால் பார்வை இன்னும் ஆழமாக இறங்கிச் சற்று வெதுவெதுப்பான காற்றைத் தொடுகிறது. அதைக் கருமையாகத் தீட்டுகிறார்கள்.

கருமையாக உள்ள இடத்தில் ஈரமே இல்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. கருமை சொல்வது உயரத்திலுள்ள வறட்சியை மாத்திரமே. படத்தில் சென்னை கருமையாகத் தெரியும் அதே நாளில், தெருவில் நடப்பவர்களுக்குச் சட்டை நனைய வியர்க்கலாம். தரையை ஒட்டிய ஈரத்தை இந்தப் படம் அறியாது.

இந்தப் படத்தினால் மற்றொரு பிரயோஜனமும் உண்டு. அரை மணிக்கு ஒருமுறை வரும் படங்களைத் தொடர்ந்து பார்த்தால் இந்தச் சுழிகள் நகர்வது தெரியும். அவற்றை நகர்த்துவது உயரத்துக் காற்று. ஆகவே மேகமே இல்லாத இடத்திலும் காற்று எந்தத் திக்கில், எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்று அளந்துவிடுகிறார்கள். புயல் நகரும் திசையைப் பெரும்பாலும் நிச்சயிப்பது அதைச் சுற்றியுள்ள இந்தக் காற்றோட்டமே.

வந்த புயலும் வராத புயலும்

2013-ஆம் ஆண்டு நமக்கு இரண்டு பாடங்களைக் கற்பித்தது. அக்டோபர் மாதத்தில் ஃபைலின் என்ற கடும் புயல் ஒடிஸ்ஸாவை நோக்கி வந்தது. முன்கூட்டியே எச்சரித்து, ஆந்திரத்திலும் ஒடிஸ்ஸாவிலுமாகச் சுமார் பத்து லட்சம் ஜனங்களைப் பத்திரமான இடங்களுக்கு அப்புறப்படுத்தினார்கள். 12-ஆம் தேதி இரவு புயல் சொன்னபடியே கரையேறியது. மாண்டவர்கள் நூற்றுக்கும் குறைவு. அதே ஒடிஸ்ஸாவில் 1999-ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த பெரும்புயலில் மாண்டவர்கள் ஏறக்குறையப் பதினாயிரம் பேர். இந்த வித்தியாசத்தின் புகழ் முழுவதையும் செயற்கைக்கோளுக்குக் கொடுப்பது நியாயமாகாது. புயல் பாதுகாப்புக் கட்டடங்களுக்கும், இரவு பகலாக வீடு வீடாகச் சென்று அழைத்த ஊழியர்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆயினும் முன்னதாகவே தெரிந்திராவிட்டால் அவர்கள்தாம் என்ன செய்திருக்க முடியும்?

அடுத்த மாதம் லெஹர் என்ற புயல் அந்தமானைக் கடந்து ஆந்திரக் கரையை நோக்கி வந்தது. நடுக்கடலில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரையில் காற்று வீசியது. மறுபடியும் எச்சரிக்கை, மறுபடியும் ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். ஆனால் நவம்பர் 27-ஆம் தேதி கடலிலேயே அது வெகு வேகமாகச் சோர்ந்துவிட்டது. 28-ஆம் தேதி மசூலிப்பட்டினத்துக்கு அருகில் கரையேறியபோது அது வெறும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். குளிர்ந்த வறண்ட காற்று அதன் உடலுக்குள் புகுந்தது ஒரு காரணம். அப்பகுதிக் கடலில் அதற்குத் தீனி போடப் போதிய வெப்பம் இல்லாததும், மேற்காற்றும் கீழ்க்காற்றும் ஒத்துப்போகாததும் மற்றக் காரணங்கள்.

புயலுக்கு உயிர் ஈரம். கடல்நீர் ஆவியாகி, மேலே சென்று மேகமாகும்போது வெளியிடும் வெப்பமே அதை நடத்துகிறது. வறண்ட காற்று உள்ளே நுழைந்தால் மேகம் கரையும், எந்திரம் தளரும். நீராவிப் படத்தில் புயலின் வெண்மையை நோக்கிக் கரிய நாக்கு ஒன்று நீண்டு வந்தால் நிபுணர்கள் அதை உற்று நோக்குவது இதனால்தான். மேகத்தை மட்டும் காட்டும் படத்தில் அந்த நாக்கு தெரியாது. அங்கே மேகமே இல்லையே!

ஆனால் அந்த நாக்கு உள்ளே புகுமா, அல்லது புயல் அதை ஒதுக்கித் தள்ளிவிட்டு வளருமா என்பது முன்கூட்டி நிச்சயமாகச் சொல்லக்கூடியதல்ல. இந்தக் கண்ணுக்கும் குறைகள் உண்டு. கனத்த மேகத்துக்குக் கீழே என்ன நடக்கிறதென்று அகச்சிவப்புக் கிரணம் காட்டாது. புயலின் மையத்திலோ மேகம்தான் மலையாகக் குவிந்து நிற்கிறது. அங்கே மேகத்தை ஊடுருவி வரும் மைக்ரோ அலைகளின் உதவியை நாட வேண்டியிருக்கிறது. அடுக்குகளும் ஒன்றோடொன்று கலந்தே தெரிகின்றன. கத்தியால் வெட்டியதுபோல் தெரிவதில்லை. பாட்டியின் ரஸத்தைப் பற்றிய ஊகம் சில சமயம் பிசகுவதைப் போல இதுவும் பிசகும்.

இவ்வளவையும் வகுப்பில் சொல்லி முடித்தபின், "உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்ததா?" என்று அந்தப் பையனைக் கேட்டேன்.

அவன் சற்று யோசித்துவிட்டு, "படம் பொய் சொல்லவில்லை, ஸார். புயல்தான் மனசு மாறிவிட்டது" என்றான்.

நான் சொல்லியிருந்தாலும் அதைவிட நன்றாகச் சொல்லியிருக்க மாட்டேன். எச்சரிக்கை என்பது ஜோசியம் அல்ல. கரைக்கு வரக்கூடிய அபாயம் இன்ன அளவு இருக்கிறது என்று, அன்று காணக் கிடைத்ததை வைத்துச் சொல்லும் நேர்மையான வார்த்தை. பத்துத் தடவை எச்சரித்து மூன்று தடவை புயல் வராமற் போனால், அந்த மூன்றையும் ஏளனம் செய்துவிட்டு நான்காவது தடவை படகைத் தள்ளுகிறவனுக்குத்தான் ஆபத்து. எங்கள் ஆசிரியர் அறையிலும் அத்தகைய ஏளனம் கேட்டிருக்கிறேன். விடுமுறை விட்டும் மழை பெய்யவில்லை என்று சிரிப்பவர்களுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வெயிலில் விளையாடப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கிடைத்தது, அவ்வளவே.

நஷ்டம் அந்தப் பையனின் தகப்பனாருக்குத்தான். நாலு நாள் வலை நனையவில்லை. நாலு நாள் வருமானம் இல்லை. 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி அவரைக் கடலுக்குப் போகாதே என்று சொல்லும். போகாதிருந்த நாலு நாளும் அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும் என்பதை அது சொல்லாது. அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள், கரையில் பத்திரமாக வீட்டுக்குள் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாம்.